சுதுகங்கைக் கரையில் ஒரு கல்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை நகரில் நின்றிருந்தேன். தலைமன்னாரிலிருந்து யூலை 28ஆம் திகதி புறப்பட்ட நடைபவனி அன்றுதான் எங்கள் ஊரை வந்தடைந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்களின் முன்னோர் நடந்த பாதையிலேயே பதினாறு நாட்கள் நடந்து வந்தவர்கள் அவர்கள். பாதங்கள் வெடித்திருந்தன. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். செய்தி சேகரிக்க வந்திருந்த இளம் பத்திரிகையாளர் ஒருவர் என்னருகே வந்து, "சேர், கண்டியில் முடித்திருக்கலாமே, ஏன் மாத்தளையில் முடிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவசரத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொன்னேன். கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மாத்தளையில் பிறந்து, சுதுகங்கைக் கரையில் வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளில் எழுதியவன் நான். என் ஊர் ஏன் ஒரு பயணத்தின் முடிவிடமாயிற்று என்பதை இதுவரை முறையாக எழுதவில்லை. அந்தக் கடனை இப்போதாவது தீர்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

மாத்தளையை அறியாத வாசகர்களுக்காகச் சிறு அறிமுகம். கண்டிக்கு வடக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு நகரம் இது. தெற்கே உக்குவளையிலிருந்து வரும் சுதுகங்கை நகரைத் தொட்டுக்கொண்டு வடக்கே சென்று அம்பன் கங்கையில் கலக்கிறது. 'சுது' என்றால் சிங்களத்தில் வெள்ளை. கண்டி வீதியும் தம்புள்ளை வீதியும் சந்திக்கும் ஊர் என்பதால் வண்டிகளும் வியாபாரிகளும் சிப்பாய்களும் எக்காலத்திலும் இதைக் கடந்தே போனார்கள். 1880இல் கண்டியிலிருந்து வந்த ரயில் பாதையும் இங்கே வந்து நின்றது. அதற்கப்பால் இன்றுவரை தண்டவாளம் போகவில்லை.

எங்கள் குடியிருப்புக்கு அரச பதிவேட்டில் ஒரு பெயரும் கிராம சேவகர் பிரிவுக்கு ஓர் இலக்கமும் உண்டு. எங்களுக்கு அது 'ஆத்தங்கரை' மட்டும்தான். எங்கள் அப்பாயி மாத்தளை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'பன்னாமம்' என்பார். பழைய தோட்டத்து மக்களின் வாயில் மாத்தளைக்கு வழங்கிய பெயர் அது. அவரது பாட்டனார் கண்டிச்சீமைக்கு நடந்து வந்தவர். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே நடந்தால் முதலில் மலை தெரிவது இங்கேதான். குடிக்கவும் குளிக்கவும் குளிர்ந்த ஓடுநீர் கிடைத்ததும் இங்கேதான். அதுவரை வந்த வழியெல்லாம் குளத்து நீர், குட்டை நீர், வாந்திபேதி. "பன்னாமம் தெரிஞ்சா உசிரு தங்கிச்சுன்னு அர்த்தம்" என்று அப்பாயி சொல்வார். இளம் நண்பரின் கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. பயணத்துக்குத் திட்டமிட்டு யாரும் மாத்தளையை முடிவிடமாக வைக்கவில்லை. பிழைத்தவர்கள் தாங்கள் பிழைத்துவிட்டோம் என்று அறிந்துகொண்ட இடம் அது.

பிழைக்காதவர்கள் எத்தனை பேர்? 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டதாக எழுதியது. அந்தத் தொகையை ஏற்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஆனால் தொகையைக் குறைத்துச் சொல்பவர்களும் அப்பாதையோரம் எலும்புகள் கிடந்ததை மறுப்பதில்லை. டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் வெளியிட்ட கோப்பித் தொழிலாளர் வரலாற்று நூல் இந்த விவகாரத்தை விரிவாகப் பேசுகிறது. கவனியுங்கள், இறந்தவர்களை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று முதலில் தோன்றியது ஒரு பத்திரிகைக்கு. அழைத்து வந்தவர்களின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் முன்பணக் கடனாகவே இருந்தார்கள். இறந்தால் கடன் வராக் கடன், அவ்வளவே.

வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனுக்கு நன்றி சொன்னார்கள். மரத்தடியில் தொடங்கிய வழிபாடுதான் இன்று 108 அடி இராஜகோபுரத்துடன் நகரின் நெற்றியில் நிற்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம் என்பது எங்கள் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி வலம் வரும்போது சிங்களவரும் வாசலில் நின்று கும்பிடுவார்கள்.

இது ஒரு புறம். மாத்தளையின் பெயரைப் பாடப்புத்தகத்தில் ஏற்றியது இன்னொரு வரலாறு. 1803இல் ஆங்கிலேயர் இங்கே மெக்டோவல் கோட்டையைக் கட்டினர். அதே ஆண்டிலேயே அதைக் கைவிட்டு ஓடவும் நேர்ந்தது. இன்று எஞ்சியிருப்பது வாசல் மட்டுமே. அதனுள்ளே போனால் கல்லறைத் தோட்டம். 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர்கள் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வீரர்களுக்கு எங்கள் நகரில் நினைவுச் சின்னம் உண்டு. அது இருக்க வேண்டியதுதான். பாடசாலைக் காலத்தில் நானும் அதன் முன் நின்று உரை நிகழ்த்தியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புரன் அப்பு தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த அதே வீதியில், அதே கோடையில், எங்கள் மூதாதையரும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே சாம்ராச்சியம் ஒருவரிடம் வரி கேட்டது, மற்றவரிடம் உழைப்பைக் கேட்டது. அந்த வீதியின் ஒரு கதைக்குக் கல் நாட்டினோம். மற்றதற்கு நாட்டவில்லை. சிங்கள நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது, பெரும்பாலோர் மறுப்பதில்லை. "எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே" என்கிறார்கள். பழி அவர்களுடையது மாத்திரமன்று. எழுதத் தெரிந்த நாங்களும் சொல்லவில்லை.

இனி ஆத்தங்கரையைப் பற்றி. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இறப்பருக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் மாறின. கடன் தீர்ந்தவர்கள், துரையுடன் மோதியவர்கள், காதலித்து ஓடியவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள் எனச் சிலர் தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தார்கள். நகரில் அவர்களுக்கு வாடகை கொடுக்கக் கட்டுப்படியான இடம் ஏது? யாரும் விரும்பாத ஆற்றோரம் இருந்தது. பலகை, தகரம், பிறகு கல், பிறகு சீமெந்து என்று வீடுகள் வளர்ந்தன. மூட்டை தூக்குவோர், தையற்காரர், சிகை திருத்துவோர், மிளகும் கிராம்பும் உலர்த்திக் கூலி வாங்கும் பெண்கள், நகரசபைச் சுத்திகரிப்புத் தொழிலாளர் எல்லோரும் இருந்தார்கள். நான்கு வீடு தள்ளி ஒரு சோனகக் குடும்பம், அதற்கடுத்து ஒரு சிங்களத் தச்சர் குடும்பம். கொங்காவலைப் பள்ளிவாசலின் பாங்கும் விகாரையின் பிரித்தும் அம்மன் கோயில் மணியும் ஒரே காற்றில் வந்தன. மும்மொழியும் கலந்து திட்டத் தெரியாதவன் ஆத்தங்கரைப் பிள்ளையே அல்லன்.

சேறு இருந்தது, சாராயம் இருந்தது, சாதியும் இருந்தது. ஆற்றில் குளிக்கும் துறைகூட ஆளுக்கொன்றாகப் பிரிந்திருந்த காலத்தை என் தகப்பனார் சொல்லியிருக்கிறார். அதை மறைத்து இனிப்பாக எழுதினால் நான் எழுதியது வரலாறாகாது.

1976இல் ஆறு மாறியது. எனக்கு அப்போது எட்டு வயது. மகாவலி கங்கையைப் பொல்கொல்லையில் மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியே உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சுதுகங்கையில் விட்டார்கள். அந்த நீர் எங்கள் ஊரைத் தாண்டிப் போவத்தென்னை நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து வடக்கே வரண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது. முன்பு பங்குனியில் கல் தெரியும்படி வற்றும் ஆறு, அதன் பின் வற்றவே இல்லை. "இது நம்ம ஆறு இல்ல, அடுத்த வீட்டு ஆறு" என்று அப்பாயி கேலி செய்வார். மழையே இல்லாத நாளிலும் நீர் திடீரென்று ஏறும் என்பதால் எங்களைத் தனியே ஆற்றில் இறங்க விடமாட்டார்கள்.

வளர்ந்து பேராதனையில் கலைப்பட்டம் படித்தபோதுதான் வரைபடத்தை விரித்து ஒன்றைக் கண்டேன். அந்த நீர் போகும் தம்புள்ளை, கலாவாவிப் பிரதேசம், எங்கள் மூதாதையர் தாகத்தோடும் கொள்ளைநோயோடும் நடந்து வந்த பிரதேசம். அவர்கள் தெற்கே நடந்த வழியை ஒட்டி இன்று நீர் வடக்கே போகிறது. நூற்றைம்பது ஆண்டு முந்தியிருந்தால் எத்தனை உயிர் தங்கியிருக்கும் என்று எண்ணாமல் என்னால் அந்த வரைபடத்தைப் பார்க்க முடிவதில்லை.

1983 யூலை. எனக்குப் பதினைந்து வயது. அம்மன் கோயிலும் தேர்களும் எரிக்கப்பட்டன. தமிழர் கடைகள் எரிந்தன. தேர் எரிந்ததை நான் பார்க்கவில்லை. மறுநாள் எஞ்சியிருந்த இரும்புப் பட்டங்களையே பார்த்தேன். எரியும் வேளையில் நாங்கள் தச்சர் வீட்டுப் பட்டறையில், மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். பாஸ் மாமா என்று நாங்கள் அழைத்த அந்த மனிதர், கையில் வாச்சியுடன் வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் நடவாதது போல் ஒரு கதிரைக் காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பிழைத்தோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1989இல், அவரது மூத்த மகனை ஓர் இரவில் அழைத்துச் சென்றார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று தென்னிலங்கை இளைஞர்களை வேட்டையாடிய காலம் அது. மகன் திரும்பவில்லை. அப்போது நான் அவருக்கு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. தமிழன் வாய் திறக்கக் கூடாத காலம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்துவந்த மாதங்களில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றார். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனை அதற்கு வெகு முந்திய காலத்தைச் சொன்னது. சனாதிபதி ஆணைக்குழுவும் வந்து போயிற்று. பாஸ் மாமா அப்போது உயிருடன் இல்லை. அவரது மனைவி என்னிடம் கேட்டார்: "மகனே, நீ பத்திரிகையில் இருக்கிறாயே, அவன் அதில் இருக்கிறானா என்று உனக்குத் தெரியுமா?" நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை அப்போது நான் வேலை செய்த பத்திரிகை பாதியாக வெட்டி, உள்பக்கத்தில் போட்டது. அந்தத் தாயின் கேள்வி வெட்டப்பட்ட பாதியில் இருந்தது.

ஆகவே எங்கள் ஆத்தங்கரைக்கு இரண்டு துக்கங்கள். காட்டுவழியில் விழுந்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பெயர் தெரிந்த மகன் எங்கே விழுந்தான் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று போட்டிக்கு நிறுத்துபவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வாழ்ந்தவனுக்கு அது முடியாது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மண்சரிவாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்ட மலைநாட்டு மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அதன் பின் நாடெங்கும் ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் வாழ்பவர்களை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்துள்ளது. அதில் பாதியை நான் ஏற்கிறேன். நீருக்குச் சொந்தமான இடத்தில் பிள்ளைகளைத் தூங்க வைப்பது பெருமையல்ல. பழைய நினைவுகளுக்காக ஓர் உயிரையும் பணயம் வைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு "நம் மண்ணை விடாதீர்கள்" என்று எழுதுவோர், மழை இரவில் ஒரு தரம் அங்கே தங்கிப் பார்க்க வேண்டும்.

நான் ஏற்காத பாதி, அம்மக்களைக் குறிக்கப் பயன்படும் சொல். 'அத்துமீறிக் குடியேறியவர்கள்' என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இருந்ததில்லை என்பது உண்மை. எப்படி இருந்திருக்கும்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கூடி, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. குடியுரிமை இல்லாதவன் எந்தக் காணிக் கச்சேரிக்குப் போய் விண்ணப்பிப்பான்? உரிமை கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பத்திரம் இல்லை என்று குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. தோட்டத்து வீடமைப்புத் திட்டங்களின் பட்டியலிலும் இவர்கள் இல்லை, ஏனெனில் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள். நகரத்துக் கணக்கிலும் இல்லை, ஏனெனில் காணி அவர்களுடையதல்ல.

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு பழைய கருங்கல் ஆலயம் இருக்கிறது. பௌத்தக் கட்டடம், ஆனால் பல்லவர் பாணிச் சாயல். போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் அது மூழ்கும் நிலை வந்தபோது, 1970களில் கல் கல்லாகக் கழற்றி உயர்ந்த இடத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். நல்ல காரியம். அதே கவனத்தைத்தான் நான் மனிதர்களுக்கும் கேட்கிறேன். எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்து அடுக்கிய நாடு, எந்த வீடு எந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்று பார்க்கக் கூடாதா?

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, ஆற்றங்கரை மக்களை மாற்றுவதாயின், வேலையும் பாடசாலையும் கோயிலும் எட்டும் தூரத்தில், நகர எல்லைக்குள் மாற்ற வேண்டும். கூலித் தொழிலாளியை இருபது கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தால், அவன் மூன்று மாதத்தில் மீண்டும் ஏதோவோர் ஆற்றோரத்துக்கு வந்துவிடுவான். இரண்டாவது, உறுதிப்பத்திரம் கையில் கொடுத்த பின்பே பழைய வீட்டை இடிக்க வேண்டும். வாக்குறுதிக் கடிதங்கள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஏற்கெனவே நிறைய உண்டு. மூன்றாவது, காலியாகும் கரையில் ஓரிடத்தையாவது வணிகத்துக்கு விடாமல் வைத்து, அங்கே ஒரு கல் நாட்ட வேண்டும். மும்மொழியிலும் இரண்டே செய்திகள் போதும். இவ்வழியே நடந்து வந்து பிழைத்தவர்களுக்காகவும் பிழைக்காதவர்களுக்காகவும் ஒன்று. இவ்வூரில் காணாமல் போன எல்லாப் பிள்ளைகளுக்காகவும் இன்னொன்று.

"கல் சோறு போடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போடாது. ஆனால் 1848க்குக் கல் இருப்பதால்தான் இன்றும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு தெரிகிறது. கல் இல்லாததால்தான் ஒரு பத்திரிகையாளர் "ஏன் மாத்தளை?" என்று கேட்க நேர்ந்தது. காணி கொடுப்பது அரசின் கடமை. கல் நாட்டுவதை ஊராரே செய்யலாம். கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் உள்ள ஊரில் அதற்கு நாலு பேர் கூடமாட்டார்களா?

சென்ற மாதம் போனபோது பாஸ் மாமாவின் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி தொண்ணூறை நெருங்குகிறார். கண் மங்கிவிட்டது. குரலைக் கேட்டு என்னை அடையாளம் கண்டு, தேநீர் ஊற்றச் சொன்னார். இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். புறப்படும்போதுதான், கல்லைப் பற்றிய என் யோசனையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பெயர் எழுதுவீர்களா?" என்றார்.

எழுத வேண்டும். நடந்து வந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. அவர் மகனின் பெயர் கிடைத்திருக்கிறது. அங்கிருந்தாவது தொடங்கலாம்.